காசநோயும் சோறும்: தருமமா, பாத்தியதையா?

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நோய் கண்டவர்களைக் காற்றோட்டமான இடத்தில் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்து, பிழைத்தால் பிழைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் பெரிய வைத்தியமாயிருந்தது. 1928-இல் டாக்டர் சவுரி முத்து அவர்கள் தாம்பரத்தில் ஏற்படுத்திய சானடோரியம் அந்த முறையில் ஏற்பட்டதேயாகும். அது பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரியாகி, இன்று பக்கத்திலுள்ள ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயரே வழங்கி வருகிறது. 1940-களுக்குப் பிறகு மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்ளலாம். அந்த மாத்திரையையும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு வாங்காமலே கொடுக்கிறார்கள். இவையெல்லாம் சந்தோஷப்பட வேண்டிய சங்கதிகளே.

ஆனால் மருந்து வந்தவுடன் சோற்றை மறந்துவிட்டார்கள். பணக்காரனுக்கு அதனால் நஷ்டமில்லை. அவன் வீட்டில் நோய்க்கு முன்னும் சோறு இருந்தது, பின்னும் இருக்கும். மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு வெறும் வயிற்றோடு குடிசைக்குத் திரும்புகிற கூலிக்காரன் கதி என்ன என்பதைப் பற்றியே நாம் இன்று எழுதுகிறோம்.

2023-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சுமார் 28 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் கண்டதாகவும், 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதனால் மாண்டதாகவும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. உலகத்திலுள்ள காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் நம் நாட்டார். 2025-க்குள் இந்நோயை ஒழித்துக் கட்டுவோம் என்று 2018-இல் டில்லியில் மேடை போட்டுச் சொன்னார்கள். 2025 வந்தது, நோய் போகவில்லை. வைத்தியர்கள் சோம்பேறிகள் என்றோ மருந்து மட்டம் என்றோ நாம் சொல்ல வரவில்லை. நோயின் வேர் ஒரு பக்கம் இருக்க, தண்ணீரை மறுபக்கம் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

அந்த வேர் எது? காசநோய்க் கிருமி மூச்சுக் காற்றின் வழியாக எத்தனையோ பேர் உடம்பில் புகுகிறது. உலக ஜனங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் உடம்பில் அது புகுந்திருப்பதாகச் சொல்லுகிறார்கள். அப்படிப் புகுந்தவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேர்தான் தம் ஆயுளில் நோயாளி ஆகிறார்கள். மற்றவர்கள் உடம்பில் அது தூங்கிக்கொண்டே இருந்துவிடுகிறது. தூங்குகிற கிருமியை எழுப்பிவிடுகிற காரணங்கள் பல. சர்க்கரை வியாதி, எச்.ஐ.வி., புகையிலை, குடி ஆகிய எல்லாம் உண்டு. ஆனால் இந்த நாட்டில் இவை எல்லாவற்றிலும் பெரிய காரணம் பட்டினி. அதாவது, உடம்புக்கு வேண்டிய அளவு சாப்பாடு இல்லாமை. உடம்பு வற்றினால் கிருமியை அடக்கி வைக்கும் சக்தியும் வற்றிப்போகிறது. நோய் வந்தபின் அதுவே பசியைக் கொன்று, உடம்பை மேலும் தின்கிறது. ஆகவே பட்டினியால் நோய், நோயால் பட்டினி என்று செக்குமாடு போல் இது சுற்றிச் சுற்றி வருகிறது.

சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி என்ற கிராமத்தில் வைத்தியர்கள் சிலர் ஒன்றுகூடி ஓர் ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள். அங்கே வந்த காசநோயாளிகளின் எடையை அவர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். வயது வந்த ஆண்களை எடைப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவன் எடை 42 கிலோ. பெண்களில் நடுவில் நிற்பவள் எடை 34 கிலோ! அதாவது பாதிப் பெண்கள் அதற்கும் கீழே. பிள்ளை பெற்று, களை எடுத்து, விறகு சுமந்து, குடும்பம் நடத்துகிற ஒரு பெண்ணின் எடை 34 கிலோவுக்கும் கீழே என்றால், அவள் உடம்பில் கிருமி புகுந்தது ஆச்சரியமா, அல்லது அதுவரை அவள் உயிரோடிருந்தது ஆச்சரியமா என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

இனி, இந்நோயைப் பற்றி நமது சாஸ்திரங்கள் என்ன சொல்லுகின்றன என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். மநுதர்மம் பதினோராவது அத்தியாயத்தில், முன்ஜன்மத்தில் பார்ப்பனனைக் கொன்றவனுக்கு இந்த ஜன்மத்தில் க்ஷயரோகம் வரும் என்று எழுதி வைத்திருக்கிறது. இந்தியாவில் வருஷத்துக்கு 28 லட்சம் பேருக்கு நோய் வருகிறது என்றால், முன்ஜன்மத்தில் எத்தனை லட்சம் கொலை நடந்திருக்க வேண்டும்! அப்படியானால் இன்று அந்த ஜாதியில் ஒருவராவது மிச்சமிருக்க முடியுமா? இன்னொரு புராணக் கதையையும் வாசகர்கள் கேட்டிருப்பார்கள். தட்சனுடைய 27 பெண்களைக் கட்டிக்கொண்ட சந்திரன், ரோகிணி ஒருத்தியிடமே குடியிருந்தானாம். மாமனார் கோபித்துக்கொண்டு க்ஷயரோகம் பிடிக்கச் சபித்தாராம். அதனால்தான் சந்திரன் தேய்கிறானாம். தேய்தல் என்பதுதான் ‘க்ஷயம்’. 27 மனைவிகள் வைத்திருந்தவனுக்கு வந்த வியாதி என்று எழுதினவர்களுக்கு, கஞ்சிக்கில்லாமல் தேய்கிறவன் கண்ணில் படவேயில்லை. இந்தச் சங்கதியை நாம் வேடிக்கைக்காக எழுதவில்லை. ‘பாவம்’, ‘சாபம்’, ‘தலையெழுத்து’ என்ற இந்தப் புத்தி இன்னமும் இருப்பதால்தான், நோய் கண்டவர்கள் வெட்கப்பட்டு மறைத்து, இருமி இருமி வீட்டிலுள்ளவர்களுக்கெல்லாம் பரப்பிவிட்டு, கடைசியில் எழுந்து நிற்க முடியாத நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

நிற்க. சோறு போட்டால் காசநோய் குறையும் என்பதற்கு ருஜு உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான். பகுத்தறிவு பேசுகிற நாம் ருஜு இல்லாமல் ஒன்றை நம்பச் சொல்லுவதற்கில்லை. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஜார்க்கண்டில் நான்கு ஜில்லாக்களில் 2019-இல் தொடங்கி 2022 வரை ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. மங்களூர் வைத்தியக் கல்லூரி ஒன்றைச் சேர்ந்த டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் அவர்களோடு சேர்ந்தவர்களும் அதை நடத்தினார்கள். நுரையீரலில் காசநோய் இருப்பதாகச் சளிப் பரிசோதனையில் உறுதியான 2,800 நோயாளிகளும், அவர்களுடைய வீட்டில் கூட இருக்கும் 10,345 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் சந்தால், ஹோ, முண்டா, உராவ் முதலிய பழங்குடியினர். நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருளும் சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன. வீட்டாருக்கு மட்டும் இரண்டு விதம். இடங்களை இரண்டு பாகமாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாகத்தில் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் கொடுத்தார்கள். மற்றொரு பாகத்தில் வீட்டாருக்குத் தனியாக ஒன்றும் கொடுக்கவில்லை. பிறகு இரண்டு பாகத்தாரையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

முடிவு 2023-இல் வெளிவந்தது. அரிசியும் பருப்பும் பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது, பெறாத வீட்டாரைவிட 100-க்கு 39 பங்கு குறைவாயிருந்தது. மற்றவர்களுக்குப் பரப்பக்கூடிய நுரையீரல் காசநோயோ 100-க்கு 48 பங்கு, ஏறத்தாழ பாதி, குறைந்துவிட்டது. ஊசி இல்லை, புது மருந்து இல்லை, யந்திரம் இல்லை. அரிசியும் பருப்பும்! நமது ரேஷன் கடையில் மூட்டையில் கிடக்கும் அதே அரிசியும் பருப்பும். இதே பலனை ஒரு குத்தூசி கொடுத்திருக்குமானால் அதைக் கண்டுபிடித்தவன் படத்தைப் போட்டு ஊரெல்லாம் ஊர்வலம் விட்டிருப்பார்கள்.

நோயாளிகளின் கணக்கையும் சொல்ல வேண்டும். சேர்ந்தபோது அவர்களில் 100-க்கு 82 பேர் எடை குறைந்தவர்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் மிக மோசமாகக் குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் தம் எடையில் 100-க்கு 5 பங்கு ஏறினவர்களுக்குச் சாவும் ஆபத்து, ஏறாதவர்களைவிட 100-க்கு 61 பங்கு குறைவாயிருந்தது. 40 கிலோ ஆளுக்கு 100-க்கு 5 என்பது 2 கிலோதான். நோய் லேசாயிருந்தவன்தான் சீக்கிரம் எடை ஏறியிருப்பான், அவன் எப்படியும் பிழைத்திருப்பான் என்று இதற்கு ஒருவர் ஆட்சேபம் சொல்லலாம். நியாயமான ஆட்சேபமே. அதனால்தான் இந்த இரண்டாவது கணக்கைவிட, சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்த முதல் கணக்கையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அதில் யார் எந்தப் பாகம் என்பது எவருடைய இஷ்டப்படியும் நடந்ததல்ல.

இன்னொரு ஆட்சேபம் நமது சென்னையிலிருந்தே வருகிறது. 1956-இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சிக்காக ஒரு நிலையம் ஏற்பட்டது. அங்கே ஏழை நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, சிலரைச் சானடோரியத்திலும் சிலரைத் தம் குடிசையிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டார்கள், ஓய்வாகப் படுத்திருந்தார்கள், எடையும் அதிகம் ஏறினார்கள். குடிசையில் இருந்தவர்களுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. ஆனாலும் கிருமி ஒழிந்த கணக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 1959-இல் இது வெளியானதும் உலக முழுதும் காசநோய் வைத்தியத்தின் போக்கே மாறிற்று. படுக்கை கிடைக்காமல் வாசலில் செத்துக்கொண்டிருந்த ஏழைகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் கிடைக்க வழி பிறந்தது. அது சென்னை உலகத்துக்குக் கொடுத்த பெரிய நன்மை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதிலிருந்து, ‘சாப்பாடு முக்கியமல்ல’ என்று ஒரு பாடத்தைப் பின்னால் வந்தவர்கள் படித்துக்கொண்டார்கள். கிருமியைக் கொல்லுவது மருந்தா சோறா என்பது ஒரு கேள்வி. மருந்துதான் என்பது அதற்குப் பதில். அதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். மருந்தை நிறுத்திவிட்டு முட்டை மட்டும் தின்கிறவன் செத்துப்போவான். 35 கிலோ எடையோடு வந்தவன் மருந்து வேலை செய்து முடிக்கும்வரை உயிரோடிருப்பானா என்பது வேறு கேள்வி. அவன் பக்கத்தில் படுத்திருக்கிற பெண்சாதி பிள்ளைகளுக்கு நோய் வராமல் தடுப்பது எப்படி என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை மற்ற இரண்டுக்கும் போட்டது தப்பு. நோயாளிகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்த சிறு பரிசோதனைகளை 2016-இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தவர்கள், அதனால் சாவு குறைகிறது என்று உறுதியாகச் சொல்லப் போதிய ருஜு இல்லை என்று எழுதினதும் உண்மைதான். போதிய ருஜு இல்லை என்றால் இன்னும் பெரிய பரிசோதனை செய் என்று அர்த்தமே ஒழிய, பட்டினி போடு என்று அர்த்தமில்லை. அந்தப் பெரிய பரிசோதனைதான் ஜார்க்கண்டில் நடந்தது. அதிலே அதே சென்னை நிலையமும் பங்கு கொண்டிருந்தது என்பதை மகிழ்ச்சியோடு சொல்லுகிறோம்.

இனி சர்க்கார் செய்வதைப் பார்ப்போம். ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகும். 2018 ஏப்ரல் முதல் காசநோயாளி ஒவ்வொருவருக்கும் சாப்பாட்டுக்காக மாதம் 500 ரூபாயை இந்திய சர்க்கார் வங்கிக் கணக்கில் போட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். எடை மிகக் குறைந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதம் சத்துணவு தனியாக உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு ‘நிக்ஷய் போஷண் யோஜனா’ என்று பெயர். ‘நி-க்ஷய்’ என்றால் க்ஷயம் இல்லாமை என்று அர்த்தமாம். பணம் வாங்க வேண்டிய கூலிக்காரனுக்குப் பெயரே வாயில் நுழையாவிட்டால், அப்படி ஒன்று இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ‘காசநோயாளி சாப்பாட்டுப் பணம்’ என்று சொன்னால் திட்டத்தின் மரியாதை போய்விடுமோ!

பெயர் கிடக்கட்டும். மாதம் 1,000 ரூபாய் என்றால் நாள் ஒன்றுக்கு 33 ரூபாய். முன் 16 ரூபாயாயிருந்ததற்கு இது மேல்தான். ஆனால் இந்தப் பணம் பல இடங்களில் காலத்தில் வந்து சேருவதில்லை என்பதுதான் தொடக்கத்திலிருந்தே இருந்துவரும் குறை. முதல் இரண்டு மாதத்தில் ஏறும் எடைதான் உயிரைப் பற்றிய சங்கதி என்று நாம் மேலே பார்த்தோம். அந்த இரண்டு மாதம் கழித்து வரும் பணம் சிலருக்கு ஈமச் செலவுக்குத்தான் பயன்படும். வங்கிக் கணக்கு இல்லாதவன், கணக்கிருந்தும் ஊர்விட்டு ஊர் போய்ச் செங்கல் சூளையில் வேலை செய்கிறவன், புருஷன் கணக்கையே நம்பியிருக்கிற பெண் ஆகிய இவர்களே நோயில் அதிகம் விழுகிறவர்கள். இவர்களே பணம் கிடைப்பதில் கடைசியில் நிற்கிறவர்கள்.

இதையும்விட முக்கியமான குறை ஒன்றிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். ஜார்க்கண்டில் பாதி நோயைத் தடுத்தது நோயாளிக்குக் கொடுத்த சோறல்ல, வீட்டாருக்குக் கொடுத்த சோறு. அதற்கு என்ன ஏற்பாடு? 2022 செப்டம்பரில் ‘நிக்ஷய் மித்ரா’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதாவது, மனமுள்ள தனவந்தர்களும் கம்பெனிகளும் சங்கங்களும் நோயாளிகளைத் ‘தத்து’ எடுத்துக்கொண்டு மாதா மாதம் உணவுக் கூடை கொடுக்கலாம் என்பது. 2024-இல் நோயாளியின் குடும்பத்தாரையும் இதே ஏற்பாட்டில் சேர்த்திருப்பதாக அறிவித்தார்கள். ஆகவே, நோயாளிக்கு 33 ரூபாய் சர்க்கார் பொறுப்பு. குடும்பத்தாருக்குச் சோறு தருமவான்கள் பொறுப்பு என்று ஏற்பட்டிருக்கிறது.

இது நமக்குச் சம்மதமில்லை. தருமம் செய்கிறவர்களை நாம் வையவில்லை. பசித்தவனுக்குக் கூடை கொண்டுவருகிறவன், கொண்டுவராதவனைவிட மேலானவனே. ஆனால் ஒரு ஜில்லாவில் பணக்காரர்கள் அதிகம், ஒரு ஜில்லாவில் குறைவு. ஒரு மாதம் மனம் வரும், மறுமாதம் வராது. மாத்திரையை இப்படிக் கொடுப்பார்களா? ‘இந்த மாதம் தருமவான் வரவில்லை, ஆகவே மாத்திரை இல்லை’ என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? சோறும் மருந்து என்று ருஜுவான பின், ஒன்றைப் பாத்தியதையாகவும் மற்றொன்றைப் பிச்சையாகவும் வைப்பது எந்த நியாயம்? அன்றியும், கூடையைக் கொடுக்கும்போது நோயாளியை நிறுத்தி வைத்துப் படம் பிடிக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்த நோய் மறுநாள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. 5 கிலோ அரிசிக்கு ஒரு மனிதனின் மானத்தை விலையாக வாங்கிக்கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது. அரிசியை ரேஷன் கடையில் மற்றவர்களோடு வரிசையில் நின்று வாங்குகிறபடி, அட்டையில் அளவைக் கூட்டிக் கொடுத்துவிட்டால் படமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

நமது நாட்டில் ரேஷன் அரிசி ஏழைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கிறதே, பின் என்ன குறை என்று கேட்கலாம். அரிசி வயிற்றை நிரப்பும். ஆனால் கரைந்துபோன சதையைக் கட்டுவதற்குப் பருப்பு, கடலை, பால், முட்டை, மீன், இறைச்சி வேண்டும். ஜார்க்கண்டில் நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு 52 கிராம் புரதம் கிடைக்கும்படி கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. ரசமும் சோறும் ஊறுகாயுமாக மூன்று வேளை சாப்பிடுகிறவன் 52 கிராமை எங்கே காண்பான்?

இந்த இடத்தில் நம் வீட்டு அடுப்பங்கரையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நோய் என்றவுடன் நம்மவர்கள் முதலில் செய்கிற காரியம் பத்தியம். முட்டை சூடு, தயிர் சளி, வாழைப்பழம் குளிர்ச்சி, மீன் ஆகாது, கருவாடு கூடவே கூடாது என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் கஞ்சித் தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இதோடு வெள்ளி விரதம், அமாவாசை விரதம், நோய் தீர வேண்டிக்கொண்ட விரதம் வேறு. கிருமி உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. வீட்டார் வெளியிலிருந்து பட்டினி போட்டுக் கிருமிக்கு ஒத்தாசை செய்கிறார்கள்! வைத்தியர் தனியாக ஏதாவது விலக்கச் சொன்னால் ஒழிய, காசநோய்க்கு இவைகளில் ஒன்றும் விலக்கில்லை. முட்டை, கருவாடு, மாட்டிறைச்சி முதலியவை ஏழைக்கு மலிவாகக் கிடைக்கும் சத்து. இவற்றைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள், தாங்கள் வேண்டாமென்று இருந்துகொள்ளட்டும். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டிலும் உணவுக் கூடையிலும் தங்கள் ஆசாரத்தைக் கொண்டுவந்து புகுத்த வேண்டாம்.

இரண்டாவது, தட்டும் குவளையும். நோயாளிக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, தனி மூலை என்று வைக்கிறார்கள். காசநோய் பாத்திரத்தில் ஒட்டிப் பரவுவதல்ல. இருமும்போது காற்றில் பரவுவது. வாயை மூடி இருமுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும், மருந்தைத் தவறாமல் சாப்பிடுவதும்தான் தடுப்பு. மருந்து கேட்கிற கிருமியாயிருந்தால் சில வாரங்களிலேயே பரப்பும் சக்தி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஜன்னலை மூடி வைத்துக்கொண்டு தட்டைப் பிரிப்பதில் என்ன பிரயோஜனம்? டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்துப் பழகின நாட்டுக்கு, எதற்கெடுத்தாலும் குவளையைப் பிரிப்பதுதான் முதலில் தோன்றுகிறது போலும்.

மூன்றாவதாக, பெண்கள். புருஷனுக்கு நோய் வந்தால் பெண்சாதி தன் பங்கு முட்டையையும் அவனுக்கு வைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிட்ட பின் மிச்சத்தைத் தின்கிறாள். அவளுக்கு நோய் வந்தாலோ பல வீடுகளில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதைப் பதிவிரதா தர்மம் என்று புகழ்ந்து பாடுகிறவர்கள் 34 கிலோ என்ற அந்த எண்ணை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும். கடைசியாகச் சாப்பிடுவது என்கிற வழக்கம் ஒரு நோய்க் காரணம். வீட்டில் காசநோய் இருக்கிற குடும்பத்தில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, சட்டியில் உள்ளதைச் சமமாகப் பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்று நாம் கண்டிப்பாகச் சொல்லுவோம். இதற்குச் சர்க்கார் உத்தரவு ஒன்றும் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரல் முதல் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று ஒன்று நடந்து வருகிறது. பெயரும் தமிழில் இருக்கிறது, விஷயமும் உருப்படியானது. நோய் என்று தெரிந்தவுடன் நோயாளியின் எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்திலுள்ள பிராணவாயு அளவு ஆகியவற்றைப் பார்த்து, கால் வீங்கியிருக்கிறதா, பிறர் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்த்து, அபாய நிலையில் இருப்பவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. உயரத்துக்கு எடை சரியா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிலோவில் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். ஐந்தேகால் அடி, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 47 கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைவு. 41 கிலோவுக்குக் கீழே போனால் மோசம். 36 கிலோவுக்குக் கீழே என்றால் அந்தத் திட்டத்தின்படி வீட்டுக்கு அனுப்பக்கூடாத நிலை. இதை நம் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் விதி இருந்தும் கூட்டத்தில் எடை பார்க்காமல் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவது நடக்கக்கூடியதுதான். கேட்கிறவன் ஒருவன் பக்கத்தில் நின்றால் நடக்காது.

ஆகையால் நமது சங்கங்கள் இருக்கும் ஊர்களில் உள்ள தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நோய் என்றால் அன்றைக்கே எடையை எழுதச் சொல்லுங்கள். மாதா மாதம் எழுதச் சொல்லுங்கள். வீட்டிலுள்ளவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பணத்துக்கு எழுதிக்கொண்டார்களா என்று கேளுங்கள். வராவிட்டால் மறுபடியும் போய்க் கேளுங்கள். இது உங்கள் வீட்டுக் கடிதம் வரவில்லை என்று தபாலாபீசில் கேட்பது போன்றதுதான். இதில் கெஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும் கொண்டுவர வேண்டும். காசநோய் கண்ட குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், நோயாளிக்கு அதற்கு மேல் முட்டையும் கடலையும், மருந்து சாப்பிடும் காலம் முழுவதும் ரேஷன் கடை மூலமாகச் சர்க்கார் கொடுக்க வேண்டும் என்பது அத்தீர்மானம். கூட்டத்தில் நோயாளியின் பெயரையோ வீட்டையோ சொல்ல வேண்டாம். தீர்மானத்திலும் எழுத வேண்டாம். நிறைவேறியவுடன் நகல் வாங்கி, கலெக்டருக்கும் மாவட்டக் காசநோய் அதிகாரிக்கும் உங்கள் சட்டசபை மெம்பருக்கும் ஒவ்வொன்று அனுப்பிவிட்டு, என்ன பதில் வந்தது என்பதை நமக்கும் எழுதுங்கள்.